108 வண்டியில் ஏன் ஊசி போடவில்லை?

கேள்வி: வணக்கம் டாக்டர். போன மாதம் ஒரு ராத்திரி என் அப்பாவுக்கு (வயது 63) நெஞ்சைப் பிசைவது போல வலி வந்தது, வேர்த்துக் கொட்டியது. வாயுவாக இருக்கும் என்று சோடா வாங்கிக் கொடுத்தோம். கேட்கவில்லை. 108-க்கு போன் செய்தோம். வந்த தம்பி பி.பி. பார்த்தார், விரலில் கிளிப் மாட்டினார், கை நிறைய மாத்திரை கொடுத்தார். அதில் இரண்டை மென்று விழுங்கச் சொன்னார். பிறகு யாரிடமோ போனில் "பி.பி. 90-க்குக் கீழே, ஆக்சிஜன் 97" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊசி ஒன்றுகூடப் போடவில்லை, ஆக்சிஜனும் வைக்கவில்லை. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை அம்மாவுடையது வீட்டில் இருந்தது. அதை வைக்கலாமா என்று அண்ணன் கேட்டதற்கு, கூடவே கூடாது என்று தடுத்துவிட்டார். போதாததற்கு எங்கள் எல்லார் முன்னாலும் "ஆண்மைக்குன்னு ஏதாவது மாத்திரை போட்டீங்களாய்யா?" என்று அப்பாவிடம் கேட்டார். அண்ணன் அடிக்கப் போகாத குறை. வழியில் இருந்த ஆஸ்பத்திரியைத் தாண்டி மாவட்ட ஜி.எச்.சுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அண்ணன் இன்னமும் "கார் பிடித்தே போயிருக்கலாம், அந்த வண்டியில் என்னதான் இருக்கிறது?" என்கிறார். அதில் என்னென்ன மருந்து இருக்கும், எதை எப்போது கொடுப்பார்கள்? எங்கள் தெருவில் ஒருவர் பூச்சிமருந்து குடித்தபோது ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டார்களாம். அது ஏன்? இவற்றில் எதையாவது வீட்டில் வாங்கி வைக்கலாமா?
— ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: அப்பா தேறி வந்ததில் சந்தோஷம். அண்ணனின் கோபம் எனக்குப் புதிதில்லை. "ஒரு ஊசி கூடப் போடாம கூட்டிட்டு வந்துட்டாங்க சார்" என்பது அவசரச் சிகிச்சைப் பிரிவு வாசலில் அடிக்கடி காதில் விழுகிற புகார். நம் ஊரில் ஊசி போட்டால்தான் வைத்தியம், டிரிப்ஸ் ஏற்றினால்தான் பெரிய வைத்தியம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வரிவரியாகப் படித்துப் பார்த்தேன். அந்த மருத்துவ உதவியாளர் செய்ததெல்லாம் சரி. செய்யாமல் விட்டது அதைவிடச் சரி.

முதலில் அந்த மாத்திரைகள். அவை அநேகமாக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாட்டின் என்ற மூன்றாக இருக்கும். மாரடைப்பில் இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி அடைக்கின்றன. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் அந்த ஒட்டலைத் தடுப்பவை, அட்டார்வாஸ்டாட்டின் கொழுப்பைக் குறைப்பது. ஆஸ்பிரினை மெல்லச் சொல்வதற்குக் காரணம், முழுதாக விழுங்கினால் அது வயிற்றில் கரைந்து வேலை தொடங்க நேரமாகும். அதிலும் மேலே பூச்சுப் பூசிய மாத்திரை என்றால் இன்னும் தாமதம். 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 1988-இல் வெளியானது. ஆஸ்பிரின் மட்டுமே முதல் ஐந்து வாரத்தில் இதய மரணங்களைக் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைத்தது. சில ரூபாய்க்குக் கிடைக்கிற மாத்திரைக்கு இது பெரிய சாதனை. தமிழக அரசு 2023-இல் 'இதயம் காப்போம்' என்று ஒரு திட்டம் தொடங்கியதே, அதில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்கச் சொல்வதும் இந்த மூன்றைத்தான்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டார்வாஸ்டாட்டின் 8, மொத்தம் 14. கை நிறைய மாத்திரை என்று நீங்கள் எழுதியதும் எனக்கு இந்தக் கணக்குதான் ஞாபகம் வந்தது. ஆக உங்கள் அப்பாவுக்கு வைத்தியம் வீட்டு வாசலிலேயே தொடங்கிவிட்டது.

அடுத்து, நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. சார்பிட்ரேட் என்ற பெயரில் நம் மக்களுக்குப் பழக்கமானது. பல வீடுகளில் பர்ஸிலேயே இருக்கும். 'நெஞ்சுவலி வந்தால் இதை வை' என்பது ஊர் முழுக்கத் தெரிந்த வைத்தியம். இது ரத்தக் குழாய்களை, முக்கியமாகச் சிரைகளை, விரிக்கும். விரிந்தால் இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறையும், இதயத்தின் வேலைப்பளு இறங்கும், வலியும் இறங்கும். பி.பி. நன்றாக இருப்பவருக்கு இது நல்லது. ஆனால் மாரடைப்பு இதயத்தின் அடிப்பகுதியையும் வலது பக்கத்தையும் தாக்கியிருந்தால் கதையே வேறு. வலது பக்கம் பலவீனமானால், திரும்பி வரும் ரத்தத்தை நம்பித்தான் இதயம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் இந்த மாத்திரையை வைத்தால் பி.பி. தடாலென்று விழும், ஆள் அப்படியே மயங்கிச் சாய்வதும் உண்டு. மேல் பி.பி. 90-க்குக் கீழே இருந்தால் வைக்காதே என்று விதி இருப்பது இதனால்தான். அவர் போனில் சொன்ன எண்ணை நீங்களே கேட்டிருக்கிறீர்கள்.

அண்ணனை அவமானப்படுத்திய அந்தக் கேள்விக்கும் இதுதான் காரணம். ஆண்மைக்கென்று போடுகிற சில்டெனாஃபில், டடலாஃபில் வகை மாத்திரைகளும் ரத்தக் குழாயை விரிப்பவை. இரண்டும் சேர்ந்தால் பி.பி. அபாயகரமாக இறங்கிவிடும். சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரம், டடலாஃபில் போட்டு 48 மணி நேரம் ஆகும்வரை சார்பிட்ரேட் பக்கமே போகக்கூடாது. நெஞ்சுவலியோடு வருகிற ஆண்களிடம் நாங்கள் எல்லாருமே கேட்கிற கேள்வி இது. மகனும் மருமகளும் நிற்கும்போது எந்த அறுபது வயதுக்காரரும் 'ஆமாம்' என்று சொல்லமாட்டார் என்பதும் எங்களுக்குத் தெரியும். அதனால் வீட்டாரைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்டிருக்கலாம். அது ஒன்றுதான் எனக்குக் குறையாகப் படுகிறது. உங்கள் வீட்டுக் கூட்டத்தில் அதற்கு வழி இருந்ததோ என்னவோ.

ஆக்சிஜன் விஷயத்தில் உங்கள் ஏமாற்றம் புரிகிறது. முகமூடி மாட்டினாலே ஏதோ நடக்கிறது என்று குடும்பத்துக்கு ஒரு தெம்பு வரும். முன்பு நாங்களும் நெஞ்சுவலி என்றாலே மாட்டிவிடுவோம். ஸ்வீடனில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் செய்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது: விரல் கிளிப்பில் 90-க்கு மேல் இருப்பவர்களுக்கு ஆக்சிஜன் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. அப்பாவுக்கு 97. தேவையே இல்லை.

சரி, வலிக்காவது ஒரு ஊசி போட்டிருக்கலாமே? இடுப்பில் ஒரு டிக்ளோஃபெனாக் என்பது நம் ஊர் வழக்கம். மாரடைப்பில் அந்த வகை வலிநிவாரணிகள் ஆகாது, இதயத்துக்குக் கெடுதல். இன்னொரு காரணமும் உண்டு. ஜி.எச்.சில் அப்பாவுக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள் இல்லையா? அந்த மருந்து இதயத்தில் உள்ள கட்டியை மட்டும் பார்த்துக் கரைக்காது, உடம்பில் எங்கே ரத்தம் உறைந்திருந்தாலும் கரைக்கும். அதற்குக் கொஞ்சம் முன்பு தசையில் ஊசி குத்தியிருந்தால் குத்திய இடத்தில் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து வீங்கும். மாரடைப்பு என்று சந்தேகம் வந்தால் தசை ஊசி எதுவும் போடாமல் வருவதுதான் எங்களுக்கு அவர்கள் செய்கிற பெரிய உதவி. பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போனதும் அப்படித்தான். இ.சி.ஜி. எடுத்து உடனே அந்த ஊசியைப் போடும் வசதி எங்கே இருக்கிறதோ அங்கே போவதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும்.

அவர் போனில் பேசிய ஆளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் 108 தொடங்கியபோதே இந்த ஏற்பாடு வந்துவிட்டது. கட்டுப்பாட்டு அறையில் எந்நேரமும் ஒரு மருத்துவர் இருப்பார். வண்டியில் இருக்கும் உதவியாளர் நோயாளியின் நிலையைச் சொல்ல, அவர் மருந்தும் அளவும் சொல்வார். நானும் கொஞ்ச காலம் அந்த மறுமுனையில் இருந்தவன். "சார், பி.பி. 84/60, நாடி 52, வேர்த்துக் கொட்டுது" என்று மூச்சிரைக்க ஒரு குரல் வரும், பின்னால் நாலு பேர் கத்திக்கொண்டிருப்பார்கள். அந்தக் கத்தலில் எண் தவறாகக் கேட்டால் மருந்தும் தவறும். இதை அண்ணனிடம் சொல்லுங்கள்.

இனி வண்டியில் என்னதான் இருக்கிறது என்ற கேள்வி. சாதாரண வண்டி, மேம்பட்ட வசதி உள்ள வண்டி என்று இரண்டு வகை உண்டு; பட்டியலும் கொஞ்சம் மாறும். எல்லாவற்றையும் எழுதினால் மருந்துக் கடை போர்டு மாதிரி ஆகிவிடும். முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் தெருவில் திரும்பத் திரும்பப் போட்டது அட்ரோபின். நம் வயல்களில் அடிக்கிற பூச்சிமருந்துகளில் பல ஆர்கனோபாஸ்பேட் வகை. குடித்தவரின் நரம்பு முனைகளில் ஒரு ரசாயனம் அளவுக்கு மீறித் தேங்கி, எச்சில், கண்ணீர், வியர்வை எல்லாம் பெருகும். ஆளைக் கொல்வது நுரையீரலுக்குள் ஊறும் நீரும், தளர்ந்துபோகும் மூச்சுத் தசைகளும். பக்கத்தில் நின்றாலே கொழகொழவென்று சத்தம் கேட்கும், வாயில் நுரை தள்ளும், கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். அந்த ஊறலை வற்றவைப்பதுதான் அட்ரோபின். நம் ஊர் ஆம்ப்யூல் (ஊசிமருந்து அடைத்த சின்னக் குப்பி) ஒன்றில் 0.6 மில்லிகிராம்தான் இருக்கும். பெரியவர்களுக்குத் தொடக்கமே மூன்றிலிருந்து ஐந்து ஆம்ப்யூல். ஐந்து நிமிடம் பார்த்து, நெஞ்சு தெளியவில்லை என்றால் இரண்டு மடங்கு. அப்புறமும் தெளியவில்லை என்றால் அதற்கும் இரண்டு மடங்கு. எத்தனை ஊசி என்று கணக்குக் கிடையாது. ஸ்டெதஸ்கோப்பில் நெஞ்சு சுத்தமாகக் கேட்க வேண்டும், நாடி 80-க்கு மேல் வர வேண்டும், பி.பி. ஏற வேண்டும், அக்குளில் கை வைத்தால் காய்ந்திருக்க வேண்டும். அதுவரை நிறுத்தக்கூடாது. இப்படி மடங்கு மடங்காக ஏற்றி, பிறகு சொட்டு சொட்டாகத் தொடரும் முறையையும், பழைய முறையையும் வங்கதேசத்தின் சிட்டகாங்கில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2012-இல் முடிவு வந்தது: பழைய முறையில் நூற்றுக்கு 22 பேருக்கு மேல் இறந்தார்கள், புது முறையில் 8 பேர். ஆகவே அவருக்கு ஒரே ஊசியை அத்தனை தடவை போட்டார்கள் என்றால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. வேலை தெரிந்தவர் கையில் அவர் இருந்திருக்கிறார். இப்படி ஒரு நிலைமையில் உப்புக்கரைசல், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போய் இன்னொரு ஆபத்தாகும். மருந்து பட்ட துணியைக் கழற்றி உடம்பைக் கழுவுங்கள், டப்பாவைக் கையோடு கொண்டுவாருங்கள். மனம் உடைந்து இருக்கும் யாரையாவது தெரிந்தால் 104-ஐ அழைக்கச் சொல்லுங்கள், ஆலோசனை கிடைக்கும்.

அட்ரினலின் இன்னொன்று. குளவி கொட்டியோ, மருந்து ஒவ்வாமலோ உடம்பெல்லாம் தடித்து, தொண்டை அடைத்து, பி.பி. விழும்போது உயிரைக் காப்பாற்றுவது இதுதான்: அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். நம்மவர்கள் ஏவிலும் (ஒவ்வாமை ஊசி) டெக்காவும் (ஸ்டீராய்டு ஊசி) போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள், சில கிளினிக்குகளிலும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அவை அரிப்பைக் குறைக்கும். அடைக்கிற தொண்டையைத் திறக்க அவற்றை நம்ப முடியாது. இதே அட்ரினலினை இதயம் நின்றுபோனவருக்கு ஒரு மில்லிகிராம் வீதம் 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை நரம்பில் போடுவோம். அங்கே அதன் பெருமை அவ்வளவு இல்லை. பிரிட்டனில் எட்டாயிரம் பேரிடம் செய்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அட்ரினலின் போட்டவர்களில் 3.2 சதவீதம் பேர் 30 நாள் கடந்து உயிரோடு இருந்தார்கள், போடாதவர்களில் 2.4 சதவீதம். பிழைத்தவர்களில் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் அட்ரினலின் பக்கம்தான் அதிகம். நின்ற இதயத்துக்கு உடனே நெஞ்சை அழுத்துவதும் ஷாக் கொடுப்பதும்தான் பெரிது. கார் பிடித்துப் போயிருக்கலாம் என்கிற அண்ணனுக்கு என் பதில் இதில் இருக்கிறது. மாரடைப்பின் முதல் சில மணி நேரத்தில் இதயத் துடிப்பு திடீரென்று தாறுமாறாகி நின்றுவிடக்கூடும். காரின் பின் சீட்டில் அது நடந்தால் ஓட்டுகிறவர் ஹாரன் அடிப்பதைத் தவிர வேறென்ன செய்வார்?

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் வலிப்பு நீடித்தால் மிடசோலம். தசையில் போடலாம், மூக்கிலும் அடிக்கலாம், நரம்பு தேட வேண்டியதில்லை. கையில் இரும்புச் சாவி கொடுத்துக் காத்திருப்பதில் நேரம்தான் போகும். சர்க்கரை இறங்கி மயங்கியவருக்கு 25 சதவீத குளுக்கோஸ் நரம்பில். ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போதே கண் திறந்து 'என்னை எங்கே கொண்டுபோறீங்க?' என்று கேட்பவர்களும் உண்டு. ஆஸ்துமாவுக்கு நெபுலைசரில் சால்பியூட்டமால். விபத்தில் ரத்தம் கொட்டினால் டிரனெக்ஸாமிக் அமிலம் ஒரு கிராம். இதை மூன்று மணி நேரத்துக்குள் போட வேண்டும், தாண்டிவிட்டால் நன்மைக்குப் பதில் கெடுதல் வரலாம். கர்ப்பிணிக்கு பி.பி. எகிறி வலிப்பு வந்தால் மெக்னீசியம் சல்பேட். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு என்றால் ஆக்சிடோசின். இந்த ஆக்சிடோசினுக்குக் குளிர் வேண்டும். நம் மே மாத வெயிலில் நிற்கிற வண்டிக்குள் சூடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் சூட்டைக் கொஞ்சம் தாங்கும் மிசோபிரோஸ்டால் மாத்திரை அதற்குத் துணையாக வந்தது.

பக்கவாதத்துக்கு மட்டும் வண்டியில் அநேகமாக எந்த மருந்தும் கிடையாது. வாய் கோணி ஒரு கை விழுந்தவருக்குக் குழாய் அடைத்ததா வெடித்ததா என்று சி.டி. ஸ்கேன் பார்க்காமல் சொல்லவே முடியாது. வெடித்திருந்தால் ஆஸ்பிரின் விஷம். பி.பி. 180 இருக்கிறதே என்று குறைக்கப் பார்த்தால், அடைப்பைத் தாண்டி மூளைக்குப் போய்க்கொண்டிருக்கிற கொஞ்ச ரத்தமும் நிற்கும். சர்க்கரை அளவைப் பார்த்து, கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று கேட்டுக்கொண்டு, ஸ்கேன் இருக்கும் இடத்துக்கு ஓட வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அங்கே நாலரை மணி நேரம்தான் கெடு. பாம்புக்கடிக்கும் விஷமுறிவு மருந்தைப் பொதுவாக வண்டியில் போடுவதில்லை. அந்த மருந்தே கடும் ஒவ்வாமையைக் கிளப்பலாம், அதைச் சமாளிக்கிற இடத்தில்தான் போட வேண்டும்.

வீட்டில் எதை வைக்கலாம்? ஆஸ்பிரின் வைக்கலாம். நெஞ்சுவலி மாரடைப்பு போலத் தெரிந்தால் முதலில் 108-ஐ அழையுங்கள், பிறகு 150 மில்லிகிராம் மாத்திரை இரண்டை மெல்லக் கொடுங்கள். ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள், வயிற்றில் ரத்தக்கசிவு உள்ளவர்கள், பக்கவாத அறிகுறி இருப்பவர்களுக்கு வேண்டாம். அப்பா ஏற்கெனவே தினமும் ஆஸ்பிரின் போடுகிறவராக இருப்பார், அதனால் அவர் விஷயத்தை இதய மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சார்பிட்ரேட் யார் பெயருக்கு எழுதியதோ அவருக்கு மட்டும், அதுவும் உட்கார்ந்தபடி. அம்மாவுடைய மாத்திரையை அப்பாவுக்கு வைக்காதீர்கள். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் குளுக்கோஸ் பொடி இருக்கட்டும், நினைவோடு இருந்தால் மட்டும் கரைத்துக் கொடுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மற்ற ஊசிகள் எதுவும் வேண்டாம்.

கடைசியாக ஒரு வேலை, இன்றைக்கே செய்துவிடுங்கள். அப்பாவின் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து, அவருக்குப் போட்ட கட்டி கரைக்கும் ஊசியின் பெயர் என்ன என்று பாருங்கள். டெனெக்டிபிளேஸ் என்றால் பிரச்சினை இல்லை. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால், அதை எதிர்க்கும் பொருள்கள் உடம்பில் உருவாகிப் பல வருஷம் தங்கிவிடும். இன்னொரு முறை அதையே போட்டால் வேலை செய்யாமல் போகலாம், ஒவ்வாமையும் வரலாம். பெயரும் தேதியும் சீட்டில் இல்லையென்றால் ஜி.எச்.சில் கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தச் சீட்டின் நகல் ஒன்று அப்பாவின் பர்ஸில் இருக்கட்டும், இன்னொன்று அண்ணன் போனில் படமாக இருக்கட்டும்.